பாவைக்குப் பொறுப்பாளி யார்?

1970 இல் மசாஹிரோ மோரி என்ற ஜப்பானியப் பொறியியல் பேராசிரியர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ரோபோ மனிதரைப் போல ஆக ஆக அதன்மேல் நமக்குப் பிடிப்புக் கூடும். ஆனால் 'கிட்டத்தட்ட மனிதர்' என்ற இடத்துக்கு வந்ததும் அந்தப் பிடிப்புச் சட்டென்று சரிந்து அச்சமாகவும் அருவருப்பாகவும் மாறும் என்றார். அந்தச் சரிவை ஒரு பள்ளத்தாக்காகக் கோட்டுப்படத்தில் வரைந்தும் காட்டினார். மனித உரு ரோபோக்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தாக்கில் ஒருமுறை இறங்கித்தான் ஏறுகிறார்கள். அதை விளக்க மோரி விரிவாக எடுத்தாண்ட உதாரணம் ஒரு செயற்கைக் கை என்பது மட்டும் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. பார்வைக்கு நரம்பு, நகம், ரேகை எல்லாம் இருக்கின்றன. கைகுலுக்கிப் பார்த்தால் எலும்பில்லாத, குளிர்ந்த பிடி. அந்தக் கணத்துத் திடுக்கிடலே பள்ளத்தாக்கு என்றார் அவர்.

வட இலங்கையின் வட்டக்கச்சியில் இருந்து வாசிப்பவருக்கு இந்த உதாரணம் வேறு விதமாகத்தான் படும். போரைக் கடந்து வந்த வன்னியில் செயற்கைக் கால் அபூர்வமான பொருள் இல்லை. இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களில் அது உழைக்கிறது. கோயில் வீதியில் வெறுங்காலோடு வலம் வருகிறது. சைக்கிள் மிதிக்கிறது. எங்கள் ஊரில் ஒருவர் வரம்பில் குந்தியிருந்து காலைக் கழற்றி, வாய்க்கால் தண்ணீரில் சேறு கழுவித் திரும்பவும் பூட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கழுவிய காலைப் பேரப்பிள்ளை கையில் ஏந்திக்கொண்டு நின்றது. அந்தக் குழந்தையின் முகத்தில் மோரி சொன்ன திடுக்கிடல் துளியும் இருக்கவில்லை.

அந்தக் காலில் பூட்டிய ஜெய்ப்பூர் பாதத்தின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பியல் மருத்துவரும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். மேல்நாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்துக்குள் போவதற்கென்றே செய்யப்பட்டது. அதைப் பூட்டிக்கொண்டு சம்மணமிட முடியாது, குந்த முடியாது, சேற்றில் இறங்க முடியாது, செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போக முடியாது. ஜெய்ப்பூர் பாதம் ரப்பரால் ஆனது. தோல் நிறம், ஐந்து விரல், எப்பக்கமும் வளையும் கணுக்கால். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 இல் தொடங்கியது. போர்க்காலக் கிளிநொச்சியில் வெண்புறா நிறுவனம் கால் செய்து கொடுத்தது. மனித உறுப்பை ஒத்த பொருளோடு பழகுவது எங்களுக்குப் புதிய அனுபவம் ஆகாது. அந்தப் பழக்கத்தை எங்களுக்குத் தந்தது எறிகணையும் மிதிவெடியும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மோரியின் கை பயமுறுத்துகிறது. வட்டக்கச்சியின் கால் பயமுறுத்தவில்லை. இரண்டும் மனித உறுப்பை ஒத்தவைதான். அந்தக் கால் யாருடையது, எங்கே செய்தது, தேய்ந்தால் யாரிடம் கொண்டுபோவது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது எதையும் மறைக்கவில்லை. மோரியின் கை, கையைப் பிடிக்கும்வரை தன்னை மறைத்திருந்தது. மனித உருக் கொண்ட பொருளுக்குள் உயிர் இருக்கிறதா என்ற விசாரணை மேற்கின் நாவல்களையும் திரைப்படங்களையும் இருநூறு ஆண்டுகளாக ஆட்டிவைக்கிறது. எங்கள் மரபு வேறு சிலவற்றையே கூடுதலாக விசாரித்து வந்திருக்கிறது: இந்த உருவை வைத்தவர் யார், அறிவித்துத்தான் வைத்தாரா, எப்போது எடுப்பார்? மனித உரு ரோபோக்களும் இறந்தவர் குரலில் பேசும் மென்பொருள்களும் நம் வாசலுக்கு வந்துகொண்டிருக்கும் இந்நாளில் வன்னிக்கு இந்த விசாரணையே பயன்படும் என்பது என் துணிபு.

*

சங்கப் பாடல்களில் கொல்லிப்பாவை பல தடவை வருகிறது. சேரரின் கொல்லி மலையில் தெய்வம் அமைத்த பெண்ணுரு அது. காற்று, மழை, இடி, நிலநடுக்கம் எதனாலும் அதன் எழில் குலையாது என்று நற்றிணையில் பரணர் பாடுகிறார். பின்வந்த மரபு அதை நகரும், நகைக்கும், நெருங்குவோரை மயக்கிக் கொல்லும் பொறியாகவே கண்டது. புலவர்கள் அதைத் தலைவியின் அழகுக்கு உவமையாக்கினார்கள். ஆணின் ஆசையும் அச்சமும் கலந்து வடித்த பெண்ணுருவம் என்று இன்றைய பெண்ணியர் ஒருவர் அதைக் குறை சொன்னால் மறுக்க மாட்டேன். கிரேக்கத்தில் பிக்மேலியன் தான் செதுக்கிய பெண்ணையே காதலித்தான். இன்று உலகில் விற்கப்படும் மனித உரு ரோபோக்களுக்கும் பேசும் உதவியாளர்களுக்கும் எத்தனை தடவை இளம்பெண்ணின் முகமும் பணிவான குரலும் கொடுக்கப்படுகின்றன என்று எண்ணிப் பார்த்தால், கொல்லி மலைக்கும் இன்றைய தொழிற்சாலைக்கும் இடையில் அவ்வளவு தூரம் இல்லை.

ஆனால் பழைய ஆசியக் கதைகளில் பாவையைக் காதலித்தவனின் கதை வேறு திசையிலும் போயிருக்கிறது. மூலசர்வாஸ்திவாத பௌத்தரின் வினய நூலிலும், மத்திய ஆசியாவின் தொக்காரிய மொழியிலும் கிடைக்கும் ஒரு கதை இது. ஓவியன் ஒருவன் பொறி வல்லுநன் வீட்டில் விருந்தாளியாகத் தங்குகிறான். இரவில் அவனுக்குப் பணிவிடை செய்ய ஒரு பெண் வந்து தலை குனிந்து நிற்கிறாள். அவளைத் தன்பக்கம் இழுக்கிறான். அவள் மரத்துண்டுகளாகச் சரிந்து விழுகிறாள். அவமானம் தாளாத ஓவியன், தான் தூக்கில் தொங்குவது போலச் சுவரில் வரைந்துவிட்டு ஒளிந்துகொள்கிறான். காலையில் அதைக் கண்ட பொறி வல்லுநன் அலறுகிறான். ஊர் கூடுகிறது, அரசன் வருகிறான், கயிற்றை அறுக்கப் போகும்போதுதான் அது ஓவியம் என்று தெரிகிறது. இந்தக் கதையில் மரப்பெண்ணை யாரும் கோபிக்கவில்லை. அவளுக்கு உயிர் உண்டா என்று யாரும் ஆராயவும் இல்லை. குறை, 'இது பொறி' என்று விருந்தாளிக்குச் சொல்லாத வீட்டுக்காரனிடம் இருக்கிறது. கேளாமல் கைபிடித்த விருந்தாளியிடமும் இருக்கிறது. உறவு கெட்டது இரண்டு மனிதருக்கிடையில்.

உதயணன் கதையும் இதே நீதியில்தான் நடக்கிறது. யாழிசைத்து மதயானையையும் அடக்கும் அந்த மன்னனைப் பிடிக்கப் பிரச்சோதனன் அனுப்பியது ஒரு யந்திர யானை, வயிற்றுக்குள் வீரர்கள். யானையோடு உதயணனுக்கு இருந்த நம்பிக்கையையே பகைவன் கண்ணியாக்கினான். 2023 இல் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் இரிஞ்ஞாடப்பிள்ளி ஸ்ரீகிருஷ்ணன் கோயிலுக்குப் பீட்டா அமைப்பு ஒரு யந்திர யானையை வழங்கியது. சங்கிலியில் வதைபடும் யானைகளுக்குப் பதிலாக அது திடம்பு என்னும் உற்சவ உருவை ஏற்றிச் செல்கிறது. அது யந்திரம் என்று ஊருக்கே தெரியும். அறிந்துதான் அதன்முன் கைகூப்புகிறார்கள். இந்த யானைக்கும் பிரச்சோதனனின் யானைக்கும் உள்ள வேறுபாடு, பல்லும் சக்கரமும் சார்ந்த விடயமே அல்ல.

வன்னிக்குத் தெற்கே, ஒரு பகல் பயணத் தூரத்தில் உள்ள அனுராதபுரத்தில் கிபி 5 ஆம் நூற்றாண்டில் இருந்து எழுதிய புத்தகோசர் இதைவிடக் கூர்மையான ஒன்றைப் பதிந்திருக்கிறார். அஜாதசத்து மன்னன் நிலத்தடியில் வைத்த புத்த தாதுக்களைக் காக்க, வாளேந்திய மர உருவங்கள் ஓயாமல் சுழலும் ஒரு பொறியை விஸ்வகர்மன் பொருத்தினான். பல தலைமுறை கழிந்து அசோகன் அந்த அறையைத் திறக்க வந்தபோது பொறி இன்னமும் சுழன்றுகொண்டிருக்கிறது. யாராலும் நெருங்க முடியவில்லை. அதைப் பொருத்திய விஸ்வகர்மனே திரும்பி வந்து பூட்டுவாய்களில் அம்பெய்து நிறுத்துகிறான். வைத்தவனே வந்து எடுக்க வேண்டும் என்ற இந்த எண்ணம் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. மிதிவெடிகளை வைத்தவர்கள் ஒருவரும் திரும்பி வந்து எடுக்காத நிலத்தில் இருந்துகொண்டு இந்தக் கதையை வாசிக்கிறோம்.

*

கோயில் திருப்பணி நடக்கும் காலத்தில் எங்கள் ஊர்களில் எல்லோரும் கண்டிருக்கும் காட்சி பாலஸ்தாபனம். மூலமூர்த்தியின் சக்தியைக் குருக்கள் கும்பத்துக்கு மாற்றுவார். பிறகு வேறொரு சிறு இடத்தில் வைத்துப் பூசை நடக்கும். அன்று பின்னேரமே சிற்பாசாரி கருவறைக்குள் போய், நேற்றுவரை நாங்கள் விழுந்து கும்பிட்ட கல்லின்மேல் கைவைத்து வேலை பார்ப்பார். யாரும் பதறுவதில்லை. அந்தக் கல் பொய்யாகிவிட்டது என்றும் எவரும் சொல்வதில்லை. கும்பாபிஷேகத்தன்று சக்தி திரும்பி வந்ததும் அதே கல்லின்முன் அதே ஆட்கள் அழுதுகொண்டு நிற்பார்கள்.

இந்தச் சடங்குக்குள் ஒரு தெளிவான அறிவு இருக்கிறது. உருவின் மதிப்புக் கல்லுக்குள் நிரந்தரமாக உறைந்து கிடக்கவில்லை. ஊர் கூடி, முறைப்படி, உரியவர் கையால் அது வருகிறது, அப்படியே போகிறது. உரு வேண்டாம் என்று ஒதுக்கும் மதங்களுக்கும் உருவே எல்லாம் என்று மயங்கும் சந்தைக்கும் நடுவில் இந்த வழி நிற்கிறது.

ஜப்பானியரிடம் இதற்குச் சமமான ஒன்று உண்டு. சோனி நிறுவனம் 1999 இல் விற்கத் தொடங்கிய ஐபோ என்ற ரோபோ நாயின் உற்பத்தியை 2006 இல் நிறுத்தியது. 2014 இல் பழுதுபார்ப்பையும் நிறுத்தியது. வீட்டில் பிள்ளை போல வளர்த்தவர்கள் தவித்தார்கள். சீபா மாகாணத்து இசுமியில் கோஃபுகுஜி என்ற பழைய பௌத்தக் கோயில் 2015 முதல் அந்த நாய்களுக்கு இறுதிச் சடங்கு செய்தது. சடங்கு முடிந்த பின்னரே அவற்றின் உறுப்புகள் மற்ற நாய்களுக்கு உதிரிப்பாகமாகக் கொடுக்கப்பட்டன. பாலஸ்தாபனம் கண்ட எவருக்கும் இது வேடிக்கையாகத் தெரியாது. 2019 இல் கியோட்டோவின் கோடாய்ஜி கோயில் மிண்டார் என்ற ரோபோவை நிறுவியது. கன்னோன் வடிவில் நின்று அது பௌத்த சூத்திரத்தை விளக்குகிறது. கன்னோன் என்பது அவலோகிதர். அகத்தியருக்குத் தமிழ் கற்பித்தவர் என்று வீரசோழியம் போற்றும் அதே அவலோகிதர்தான். மேல்நாட்டவர் சிலர் மிண்டாரைப் பிராங்கென்ஸ்டைனின் பூதத்துக்கு ஒப்பிட்டார்கள். எங்கள் அயலில் இருந்து பார்த்தால் அது கந்திற்பாவையின் தூரத்து உறவு.

மணிமேகலையின் கந்திற்பாவை நின்றதும் ஒரு கோயிலில்தான். புகாரின் சக்கரவாளக் கோட்டத்தில், சம்பாபதி கோயில் தூணில், மயன் வடித்த உரு. தன்மேல் காதல் கொண்ட உதயகுமரன் வெட்டுண்டு கிடக்க, மணிமேகலை கதறிக்கொண்டு உடலை நெருங்கப் போகையில் அந்தப் பாவை பேசி அவளைத் தடுக்கிறது. அவள் அதனிடம் கேட்டது காரணம்: இவன் ஏன் இப்படி இறந்தான்? பாவை முற்பிறப்பைச் சொல்கிறது, இனி அவள் போகவேண்டிய வழியைச் சொல்கிறது. உதயகுமரனின் குரலில் மட்டும் அது பேசவில்லை. சாத்தனார் நினைத்திருந்தால் பேச வைத்திருக்கலாம். வேடமும் மாயமும் நிறைந்த காப்பியம் அது. அவர் அதைச் செய்யாமல் விட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

*

நம் காலத்துக்கு வந்தால் சுஜாதாவைத் தாண்டிப் போக முடியாது. 'என் இனிய இயந்திரா'வில் அவர் மனித உருவைத் தவிர்த்து ஜீனோ என்ற நாயைப் படைத்தார். அந்த ரோபோ நாய்க்கும் நிலாவுக்கும் இடையில் வளரும் நட்பை எங்கள் தலைமுறை வாய்விட்டுச் சொல்லாமலே நேசித்தது. அவர் பங்களிப்போடு உருவாகி, அவர் மறைந்த பின் 2010 இல் வந்த 'எந்திரன்' மனித உருவையே எடுத்துக்கொண்டது. அந்தப் படத்தில் சண்டைகளையும் பாட்டுகளையும்விட ஒரு காட்சிதான் ஆய்வுக்கு உரியது. எரியும் மாடிக்குள் இருந்து ஆட்களைத் தூக்கி வரும் சிட்டி, குளித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணையும் அப்படியே ஆடையின்றித் தூக்கிவந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறது. கமராக்கள் திரும்புகின்றன. அவள் வெட்கம் தாளாமல் ஓடி வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்ற கட்டளையை ரோபோ பிசகாமல் நிறைவேற்றியது. மேல்நாட்டு ரோபோக் கதைகள் பலவற்றில் ரோபோ கட்டளையை மீறும்போது அழிவு வரும். இங்கே கட்டளையைச் சரியாக நிறைவேற்றியதால் வந்தது. பெண்ணின் மானத்தை உயிரினும் மேலாக வைக்கும் அந்தச் சமூகப் பார்வையோடு எனக்குக் கடுமையான பிணக்கு உண்டு. அவளைக் கொன்றது ரோபோவின் அறியாமை மட்டுமல்ல, சுற்றி நின்ற கண்களும்தான். ஆனால் ஓர் உடம்பைத் தொடுவதற்கும் தூக்குவதற்கும் காட்டுவதற்கும் எழுதப்படாத முறைகள் எத்தனை இருக்கின்றன என்பதை அந்தக் காட்சி போல வேறெதுவும் விளக்கியதில்லை.

முதியோரைப் பராமரிக்கும் ரோபோ பற்றிப் பேசும்போது இந்த முறைகள்தான் முன்னுக்கு வரும். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைத் தொட்டவர்கள். வன்னியில் இதற்கு இன்னொரு முகம் உண்டு: பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள், இல்லையென்றால் எங்கேயென்று தெரியாமலே போனார்கள். ஜப்பானில் தகனோரி ஷிபாத்தா உருவாக்கிய பாரோ என்ற ரோபோ, நினைவு மங்கிய முதியவர்களின் மடியில் படுத்துக்கொள்ளும் ஒரு கடல்நாய்க் குட்டி. பூனையாகச் செய்திருந்தால் உண்மையான பூனையோடு ஒப்பிட்டு ஏமாந்துபோவார்கள் என்றுதான், யாரும் அதிகம் பழகியிராத விலங்கை அவர் தெரிந்தெடுத்தார். பழகிய எதையும் போல நடிக்காத ஒரு துணை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் வீதியில் தனியே இருக்கும் ஓர் அம்மாவிடம் இப்படியொரு பொறி வந்தால் வைத்திருப்பீர்களா என்று கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வரட்டும் தம்பி. விழுந்தால் தூக்கி விடட்டும், குளிசையை நேரத்துக்குத் தரட்டும். ஆனா என்ர மகளின்ர குரலில மட்டும் கதைக்க வேண்டாம். பிறகு அவள் எடுக்காமல் விட்டாலும் எனக்குத் தெரியாமப் போயிடும்."

ரோபோவோடான உறவு பற்றி நான் வாசித்த பல பக்கங்களுக்கு இந்தப் பதில் ஈடு. மகள் எடுக்காமல் விடும் நாளை அறியும் உரிமை அந்தத் தாய்க்கு இருக்கிறது. அந்த வெறுமையை வேறொன்றால் நிரப்பி மறைப்பதை அவர் உதவியாக எண்ணவில்லை.

இதில் பணத்தின் பங்கையும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் ஜூலி கார்ப்பென்டர் என்ற ஆய்வாளர் வெடிகுண்டு அகற்றும் படையினரை நேர்கண்டு எழுதினார். தங்களுக்கு முன்னால் போய்ச் சிதறும் ரோபோவுக்கு அவர்கள் பெயர் வைக்கிறார்கள். அது அழிந்தால் கோபமும் துக்கமும் கொள்கிறார்கள். அந்த ரோபோவுக்கு மனித முகம்கூட இல்லை. தனக்காகச் சாகிற ஒன்றின்மேல் வரும் பிடிப்பு அது. வன்னியிலும் முகமாலையிலும் மிதிவெடிகளில் இருந்து நிலத்தை மீட்டதில் பெரும் பங்கு மனிதக் கைகளுக்கு உரியது. வெயிலில் கவசம் அணிந்து முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணை வாரியவர்களில் குடும்பத்தைத் தனியே தாங்கிய பெண்கள் கணிசமானோர். பணமுள்ள படைக்கு ரோபோ முன்னால் போனது. எங்கள் மண்ணில் அந்தப் பெண்கள் முன்னால் போனார்கள். மனிதரும் ரோபோவும் என்று பொதுவாகப் பேசும் எந்த ஆய்வும், எந்த நாட்டு மனிதர், எவ்வளவு கூலிக்கு என்று கேட்காவிட்டால் அரைகுறைதான்.

*

வன்னிக்கு ரோபோ எந்த வடிவில் முதலில் வரும் என்று கேட்டால், நடக்கும் உலோக உடம்பாக வராது என்றே நினைக்கிறேன். கைத்தொலைபேசிக்குள் ஒரு முகமாக, ஒரு குரலாக வரும். ஏற்கெனவே வந்தும்விட்டது.

2024 ஜனவரியில் 'லால் சலாம்' படப் பாடலொன்றில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதாகவும் உரிய ஊதியம் கொடுத்ததாகவும் வெளிப்படையாகச் சொன்னார். அதே மாதம் சென்னையில் ஒரு நூல் வெளியீட்டில், 2018 இல் மறைந்த மு. கருணாநிதி திரையில் தோன்றி உரையாற்றினார். மகனின் தலைமையைப் பாராட்டினார். இரண்டும் ஒன்றாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாடகர் தன் தொழிலைச் செய்தார். தலைவரோ தான் காணாத ஓர் ஆட்சிக்குச் சான்று கூறினார். 2023 நவம்பர் 27 அன்று, விடுதலைப் புலிகளின் தலைவரின், போரில் இறந்ததாகச் சொல்லப்பட்ட மகள் துவாரகா என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒரு பெண்ணின் உரை இணையத்தில் வெளியானது. செயற்கை நுண்ணறிவின் படைப்பு என்றார்கள் சிலர். ஆள்மாறாட்டம் என்றார்கள் வேறு சிலர். எதுவாயினும், பிள்ளைகளைத் தொலைத்த வீடுகளுக்குள் அந்தக் காணொளி என்ன செய்திருக்கும் என்று அதை வெளியிட்டவர்கள் ஒரு நிமிடம் நினைத்திருக்க வேண்டும். 'இன்னும் உயிரோடு' என்ற ஒரு சொல்லுக்காகவே பல ஆண்டுகளாக வீதியோரம் காத்துக் கிடப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் இருப்பது ஒரு புகைப்படம். 2016 இல் வந்த சட்டத்திருத்தம், இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக அந்த ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்யும் ஒரு சான்றிதழைப் பெற வழி செய்தது. பலர் அதையும் வாங்க மனமின்றி இருக்கிறார்கள். பிள்ளையைப் படையினரிடம் ஒப்படைத்த இடமும் நாளும் தெரியும் என்றிருக்கையில், காகிதத்தை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

இந்தப் புகைப்படங்களைப் பேச வைப்பது இன்று கடினமான தொழில்நுட்பம் இல்லை. 2020 இல் தென்கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சி, இறந்துபோன ஏழு வயதுச் சிறுமியை மெய்நிகர் உருவில் அமைத்துத் தாயோடு சந்திக்க வைத்தது. தாய் கையை நீட்டிக் காற்றைத் தடவியதை உலகம் பார்த்தது. அவருக்கு அது ஆறுதல் தந்தது என்றே அவர் சொன்னார்; அதை நான் மறுக்கவில்லை. அவருக்கு மகள் இறந்த நாள் தெரியும்.

சைவ அபரக்கிரியையில் இறந்தவரின் ஆவியை ஒரு கல்லில் எழுந்தருளச் செய்யும் முறை உண்டு. அந்தக் கல்லுக்குத் தண்ணீர் வார்ப்பார்கள், சோறு படைப்பார்கள், அதனோடு பேசி அழுவார்கள். குறித்த நாளில் கல்லை எடுத்து நீரில் விட்டுவிடுவார்கள். இறந்தவரோடு பேச ஓர் உரு வேண்டும் என்ற மனிதத் தேவையை இந்தச் சடங்கு ஏற்றுக்கொள்கிறது. அந்த உருவுக்கு ஒரு கடைசி நாளையும் வைக்கிறது. போரில் மாண்டவனுக்கு நடுகல் நாட்டுவதைத் தொல்காப்பியம் ஆறு படிகளாக வகுத்தது: கல்லைக் கண்டெடுப்பது முதல் வாழ்த்துவது வரை. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு இமயத்தில் இருந்து கல் கொண்டுவந்து நிறுவியபோது இலங்கையின் கயவாகு மன்னன் அங்கே இருந்தான் என்கிறது சிலப்பதிகாரம். இறந்தவருக்கு உரு வைப்பது தனியொருவரின் விருப்பமாக எங்கும் இல்லை. சாட்சிகள் உண்டு, படிகள் உண்டு.

உடல் கிடைக்காதவருக்கும் மரபு வழி வைத்திருக்கிறது. நெடுங்காலம் காத்திருந்து, தர்ப்பையால் உருச் செய்து, அதை உடலாகப் பாவித்துத் தகனம் செய்யலாம். ஆனால் அந்த உருவைச் செய்யத் தொடங்கும் கணமே, ஆள் இறந்துவிட்டார் என்று குடும்பம் ஒப்புக்கொள்ளும் கணம். அதனால்தான் வன்னித் தாய்மார் பலர் தர்ப்பையைத் தொட மறுக்கிறார்கள். அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை, படத்துக்கு மாலையும் இல்லை. இன்று ஒரு மென்பொருள் நிறுவனம் அந்த மகனின் முகத்தை 'அம்மா' என்று கூப்பிட வைத்தால், மரபு தர மறுத்த மூன்றாவது நிலை ஒன்று உருவாகிறது: தகனமும் இல்லை, தேடலும் இல்லை. கைத்தொலைபேசிக்குள் மகன் பேசிக்கொண்டிருக்கையில், வீதிக்குப் போய் 'எங்கே என் மகன்' என்று கேட்கும் தாயின் கால்கள் தளர்ந்துவிடாதா என்பதுதான் என் அச்சம். மாதக் கட்டணம் நின்றால் அந்த மகன் இரண்டாம் தடவையும் காணாமல் போவான் என்பது அடுத்த அச்சம். இது வெறும் கற்பனையும் அல்ல. ரெப்ளிகா என்ற உரையாடல் செயலி 2023 பெப்ரவரியில் தன் பாத்திரங்களின் நெருக்கமான பேச்சை ஒரே நாளில் மாற்றியபோது, அவற்றைத் துணையாகக் கொண்டிருந்தவர்கள் இழவு வீட்டார் போல எழுதினார்கள்.

இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உயிருள்ளவரை மட்டுமன்றி இறந்தவரையும் தரவுக்கு உரியவராகக் கொள்கிறது. உலகச் சட்டங்கள் பலவற்றில் இல்லாத நல்ல அம்சம் இது. ஆனால் இறந்தவர் சார்பில் கேட்க வேண்டியவர் வாரிசு. வாரிசாக நிற்க மரணம் வேண்டும். மரண நாளை எழுத மறுக்கும் தாய், தன் மகனின் முகத்தை வேறொருவர் பேச வைக்கும்போது எந்தப் பெயரில் போய்த் தடுப்பார்? இதற்கென ஒரு தனி விதி எழுதப்பட வேண்டும், கிளிநொச்சி நகரில் இப்படியான சேவைக்கு முதல் கடை திறக்கப்படும் முன்னரே. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் முகமோ குரலோ குடும்பம் எழுத்தில் கேட்டாலன்றி உருவாக்கப்படக் கூடாது. குடும்பம் சொன்ன நாளில், செய்தவரே அதை அழித்துச் சான்று தர வேண்டும். அரசோ கட்சியோ ஊடகமோ, நினைவேந்தல் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டுகூட, அதைத் தொட அனுமதி இருக்கக் கூடாது. இந்த மூன்று வரிகளையும் எழுதும்போது, அந்தக் கோயில் முன்றலில் இருக்கும் தாய்மாரைக் கூப்பிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுத வேண்டும்.